விறகுக்கு எது நியாய விலை?



புலம்பல் நூலின் ஐந்தாம் அதிகாரம், எருசலேம் அழிந்த பிறகு அங்கே மிஞ்சியிருந்த மக்களின் முறையீடு. வீடும் நிலமும் போன கதையைச் சொல்லிக்கொண்டே வருகிறவர்கள், நான்காம் வசனத்தில் சின்ன விஷயம் போலத் தோன்றும் ஒன்றைச் சொல்கிறார்கள். குடிக்கும் தண்ணீருக்கும் அடுப்பெரிக்கும் விறகுக்கும்கூடக் காசு கொடுக்க வேண்டியதாகிவிட்டதே என்கிறார்கள். அவர்களுக்கு அது அழிவின் அடையாளம். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாழ்கிற நமக்கு அது அன்றாடம். தண்ணீர் கேனில் வருகிறது, விறகு டாடா ஏஸ் வண்டியில் வருகிறது. ஏரிக்கரையில் வேலிக்காத்தானை வெட்டிச் சுமந்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நிலங்களில் பலவற்றைச் சுற்றி இன்று காம்பவுண்டு சுவர் நிற்கிறது.

வீட்டுக்கு வீடு கேஸ் வந்த பிறகு விறகைப் பற்றி வானொலியில் என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கல்யாணச் சமையலுக்கு, பிரியாணி அண்டாவுக்கு, நம் பங்குத் திருவிழா விருந்துக்கு இன்றும் விறகுதான். கம்பெனி வேலைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளில் சிலருக்கும் விறகு தேவைப்படுகிறது. ஆகவே விறகு வாங்குகிற வேலை நம்மை விட்டுப் போகவில்லை. வாங்கும்போது எது நியாயமான விலை என்ற கேள்வியும் போகவில்லை.

பேரம் பேசுகிறவரை விவிலியத்துக்கு நன்றாகத் தெரியும். நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரத்தில் ஒருவர் வருகிறார். கடையில் நிற்கும்போது பொருளைக் குறை சொல்லித் தள்ளுகிறார். வாங்கிக்கொண்டு தெருமுனை தாண்டியதும் தம் சாமர்த்தியத்தைப் பெருமையடித்துக்கொள்கிறார். அவரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம், பெரும்பாலும் நம் வீட்டிலேயே.

1274-ஆம் ஆண்டில் இறந்த புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதற்காகவே ஒரு கேள்வியை ஒதுக்கியிருக்கிறார். இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில் அது 77-ஆவது கேள்வி. விற்கும் பொருளில் மூன்று வகைக் குறை இருக்க முடியும் என்கிறார் அவர். பொருளே வேறாக இருக்கலாம், அளவு குறையலாம், தரம் கெட்டிருக்கலாம். தெரிந்தே அப்படி விற்பவர் ஏமாற்றுகிறார், வாங்கியவருக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் ஆகிறார். குருமடத்தில் இதைப் படிக்கும்போது தத்துவம் மாதிரி இருக்கும். விறகுத் தொட்டியில் போய் நின்றால் இதுதான் தேவையான பாடம்.

பொருள் என்பது எந்த மரம் என்பது. வேலிக்காத்தான் நின்று எரியும், நல்ல கங்கு தரும். பிரியாணிக்கு மேலே தணல் போடுகிறவர்களுக்கு அது பிடிக்கும். சவுக்கும் நல்ல விறகு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் கடற்கரையில் சவுக்குத் தோப்பு போட்டதே ரயில் எஞ்சினுக்கு எரிபொருள் வேண்டும் என்றுதான். முருங்கை, வாதமடக்கி மாதிரி லேசான மரங்கள் சட்டென்று பிடித்து சட்டென்று அணையும். அடியில் இதை அடுக்கி மேலே நாலு சவுக்குக் கட்டையைப் பரப்பினால் அது முதல் வகைக் குறை. அளவுக்கு எடைமேடைச் சீட்டு இருக்கிறது. ஏற்றிய வண்டியின் எடை, காலி வண்டியின் எடை இரண்டும் சீட்டில் இருக்க வேண்டும். கண்மதிப்பில் ஒரு லோடு என்று வாங்கினால் சண்டையில்தான் முடியும்.

தரம்தான் பெரிய விஷயம். விறகின் தரம் என்றால் முக்கியமாக ஈரம். அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதிவரை தண்ணீர் இருக்கும். 1000 கிலோ பச்சை விறகில் 500 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக உலர்ந்த விறகிலும் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் தங்கும். அந்த நிலைக்கு வரும்போது நாம் வாங்கிய 1000 கிலோ, 625 கிலோவாக நிற்கும். அப்படியானால் காய்ந்த விறகு கிலோ 8 ரூபாய்க்குப் போகிற இடத்தில் பச்சை விறகுக்கு 5 ரூபாய்தான் சரி. 8, 5 என்பது கணக்குக்காகச் சொன்னது. விலை ஊருக்கு ஊர், மழைக்கும் வெயிலுக்கும் மாறும். அந்த விகிதத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எருசலேம் மக்களைப் போல விறகுக்கும் தண்ணீருக்கும் சேர்த்தே காசு கொடுத்துக்கொண்டிருப்போம்.

காய்ந்ததா என்று பார்க்க மெஷின் வேண்டாம். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று விழும். வெட்டுவாயில் நடுவிலிருந்து விரிசல் ஓடியிருக்கும். பட்டை கையோடு கழன்று வரும். இது நம் தாய்மார்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு நியாயத்தை இங்கே வியாபாரியின் பக்கமும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் விறகை அடுக்கி, மழைக்கு மூடி, உலர்த்தி வைத்திருப்பவர் எடையை இழக்கிறார், போட்ட பணத்தை முடக்கி வைக்கிறார். அவர் கூடுதலாகக் கேட்பது பேராசை அல்ல. நியாய விலை என்பது ஊசிமுனை போன்ற ஒரே புள்ளி அல்ல என்று அக்குவினாஸும் ஒப்புக்கொள்கிறார். கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம். நீதி அதனால் கெட்டுவிடாது.

இதுவரை சொன்னது விற்பவர் நம்மை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளும் வழி. வாங்குகிற நாம் விற்பவரை ஏமாற்ற முடியுமா? முடியும் என்கிறார் அக்குவினாஸ். தங்கத்தைப் பித்தளை என்று நினைத்து ஒருவர் அறியாமல் விற்றால், தெரிந்தே வாங்கியவர் அநீதி செய்கிறார், அவரும் ஈடு செய்ய வேண்டும். இன்னொன்றும் சொல்கிறார். பொருள் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதற்காக வாங்குகிறவரிடம் விலையை ஏற்றக் கூடாது. அந்த அவசரம் வாங்குகிறவருடையது. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை விற்க யாருக்கும் உரிமை இல்லை.

இதைத் திருப்பிப் பாருங்கள். ஐப்பசி மாதத்து மாலை, வானம் கறுத்திருக்கிறது, ஏற்றிய லோடோடு ஒருவர் வாசலில் நிற்கிறார். திரும்பிப் போனால் டீசல் வீண், மழை வந்தால் சரக்கு வீண். அவர் அவசரம் தெரிந்து அடிமாட்டு விலைக்குக் கேட்கும்போது அவருடைய இக்கட்டை நாம் காசாக்குகிறோம். நம் பிள்ளைகள் ஒப்பந்தத் தொழிலாளராகக் கம்பெனி கேட்டில் நிற்கும்போது இதே நியாயத்தைத்தான் நாம் பேசுகிறோம். வேறு வழியில்லாமல் ஒருவர் ஒத்துக்கொண்ட கூலி, ஒத்துக்கொண்டதாலேயே நியாயமாகிவிடாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-ஆம் ஆண்டு சுற்றுமடலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு கிலோ விறகின் விலையில் யார் யாருக்குப் பங்கு? மரத்துக்காரருக்கு, வெட்டியவருக்கு, ஏற்றி இறக்கியவருக்கு, வண்டி வாடகைக்கு, தொட்டிக்காரருக்கு. நாம் விலையைக் குறைத்தால் டீசல் விலை குறையாது. எடைமேடைக் கட்டணம் குறையாது. மரத்துக்காரர் வேறு ஆளுக்கு விற்பார். குறைக்க மறுக்கும் பலம் இல்லாதவரிடமிருந்துதான் அது குறைகிறது. அவர் வெட்டியவர்.

இது ஊகம் அல்ல. 2019 ஜூலை மாதத்தில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். முதியவர் ஒருவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் பட்டிருந்த கடன் ஆயிரம் ரூபாய். அதற்காக ஆண்டுக்கணக்கில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி அப்படிப்பட்ட கடன் கடனே அல்ல, திருப்பித் தரத் தேவையில்லை. அது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

விவிலியத்திலும் விறகு வெட்டியே வாழ விதிக்கப்பட்ட ஒரு மக்கள் உண்டு, கிபயோனியர். யோசுவா நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் அவர்களுடைய கதை இருக்கிறது. பின்னாளில் சவுல் அரசர் அவர்களைக் கொன்றார். அதற்காக நாடு முழுவதும் மூன்று ஆண்டு பஞ்சம் வந்தது என்கிறது சாமுவேலின் இரண்டாம் நூல். விறகுவெட்டிகளின் கணக்கையும் ஆண்டவர் கேட்கிறார்.

ஒரு டன் விறகுக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துப் பேசினால் மிச்சம் ஆயிரம் ரூபாய். அந்த முதியவரின் கடனும் அதே தொகை. ஒரு ரூபாய் கூடக் கொடுத்தால் அது தானாக வெட்டியவர் கைக்குப் போய்விடும் என்று நாம் சொல்லவில்லை, போகாமலும் இருக்கலாம். அதனால்தான் விலையோடு சேர்த்துக் கேள்வியும் கேட்க வேண்டும். மரம் எங்கே வெட்டியது? வெட்டுகிறவர்களுக்குத் தினக்கூலியா, டன் கணக்கா? வாரா வாரம் கையில் கொடுக்கிறார்களா, முன்பணத்தில் கழிக்கிறார்களா? பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? நேர்மையான வியாபாரி இதற்குக் கோபப்பட மாட்டார். ஊரில் எல்லாரும் விற்கும் விலையைவிட ஒருவர் மட்டும் வெகுவாகக் குறைத்துக் கொடுத்தால், சரக்கு ஈரமா என்று முதலில் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் இந்தக் கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. விறகு விலை பார்த்துவிட்டு, கம்பெனிகளிலிருந்து வரும் பேலட் கட்டைகளை மலிவாக வாங்கிச் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வரும் கட்டையில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால் சூடு காட்டிப் பூச்சி போக்கியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றியது. அதை அடுப்பில் வைக்காதீர்கள். பெயின்ட் அடித்ததும் பிளைவுட்டும் அப்படியே. முத்திரை புரியாத வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு அண்டை வீட்டார் நாம்தான் சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டுத் திருவிழா விருந்துக்கு விறகு எடுக்கப் போகும் குழுவினர், தட்டிப் பார்த்து, எடைமேடைச் சீட்டு வாங்கி, மேலே சொன்ன கேள்விகளையும் கேட்டு வருவார்கள். பதில் சந்தேகமாக இருந்தால் அந்த லோடை விட்டுவிடலாம்; ஆனால் விட்டுவிட்டு வந்துவிட்டால் மட்டும் போதாது. கொத்தடிமை என்று தெரியவந்தால் விசாரித்து விடுவிக்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு இருக்கிறது, அந்த அலுவலகம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. மனு எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.