முதியோர்க்கு மருத்துவக் காப்பீடு: இளைஞர் அறிய வேண்டுவன

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாது, மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேச முற்படுவதேன் என்று சிலர் எண்ணக்கூடும். அரசுப் பள்ளியில் நாம் கண்டதே இதற்கு விடை. மாணவர் ஒருவர் சில நாட்கள் தொடர்ந்து வராவிடில், வீடு தேடிச் சென்று விசாரிப்பது நம் வழக்கம். அவ்வாறு ஒரு முறை, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டிற்குச் சென்றோம். நடவு வேலைக்குச் சென்ற அவள் பாட்டி வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். வீட்டிலிருந்த தோடும் மூக்குத்தியும் அடகுக்குப் போயின. போதாததற்கு வட்டிக் கடன். அக்கடனை அடைக்க மாணவி துணிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டிக்கு வயது 70-க்கு மேல். ஒரு காசும் கட்டாமல் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை பெறும் உரிமை அவருக்கு அப்போதே இருந்தது. அதற்குரிய அட்டையைத்தான் எவரும் எடுத்து வைக்கவில்லை. உரிமையை அறியாமையால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றது. இது கல்விச் சங்கத்தின் கவலை அன்றோ?

தொழிலாளர்க்கு நோய்க் காலத்தில் பாதுகாப்பு வேண்டும் என்பது நம் இயக்க வரலாற்றோடு தொடர்புடைய கருத்து. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையின் பொறுப்பை ஏற்றிருந்தார். அக்காலத்தில்தான் பேராசிரியர் அதார்க்கர் நியமிக்கப்பட்டு, ஆலைத் தொழிலாளர்க்கான சுகாதாரக் காப்பீடு குறித்து 1944-இல் அறிக்கை அளித்தார். 1948-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று கூறுவது, அதன் வழியே வந்தது. ஆனால் அதன் நிழல் ஆலைகளோடு நின்றது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்ட கைகளும், செங்கல் சூளையில் வெந்த உடல்களும் அந்நிழலுக்கு வெளியே நின்றன. இன்று முதுமையுற்றுத் திண்ணையில் அமர்ந்திருப்போர் அவர்களே.

ஆதலின், செய்ய வேண்டுவனவற்றை வரிசையாகக் கூறுகிறோம். விலை கொடுத்து வாங்கும் காப்பீட்டைப் பற்றி எண்ணுமுன், விலையின்றி நமக்குரியதைக் கைப்பற்ற வேண்டும்.

ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு அது பொறுப்பேற்கிறது. 2024 அக்டோபர் 29 முதல், 70 வயது நிறைந்த யாவர்க்கும், ஏழை பணக்காரர் என்ற வருமான வேறுபாடின்றி, இது விரிவாக்கப்பட்டது. அவர்களுக்கென வழங்கப்படுவது வய வந்தனா அட்டை. இதில் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குடும்பத்திற்கு ஏற்கெனவே ஆயுஷ்மான் அட்டை இருப்பினும், 70 நிறைந்த முதியவர்க்குத் தனியே மேலும் 5 லட்சம் உண்டு. வீட்டிலுள்ள இளையோர் அதில் பங்கு கொள்ள இயலாது. ஒரே வீட்டில் அவ்வயதுடையோர் இருவர் இருப்பின், அத்தொகை இருவர்க்கும் பொது. முன்பே உள்ள நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை உண்டு. இதுவே முதல் துணைக் காப்பீடு என்க.

அட்டைக்கு ஆதார் இன்றியமையாதது. வயதும் ஆதாரைக் கொண்டே கணிக்கப்படும். இங்கேதான் நம் முதியோர்க்கு இடர் நேர்கிறது. பிறந்த நாள் எழுதி வைக்கப்படாத தலைமுறை அது. குத்துமதிப்பாகச் சொன்ன வயதே அட்டையில் ஏறியிருக்கும். உண்மையில் 72 வயதுடையவர் ஆதாரில் 66 என்று இருந்தால், அவருக்கு இவ்வுரிமை இல்லை என்றாகும். தக்க சான்று இருப்பின் இன்றே திருத்த முயலுங்கள். மண்ணிலும் செங்கல்லிலும் தேய்ந்த விரல்கள் கருவியில் ரேகை காட்டுவதில்லை என்றும் பலர் திரும்பி வருகின்றனர். முகத்தைக் காட்டியும், கைப்பேசிக்கு வரும் எண்ணைக் கூறியும் பதிவு செய்யும் வழி உண்டென்பதை அறியுங்கள். அட்டைக்குக் கட்டணமில்லை. ஐயமிருப்பின் 14555 என்னும் எண்ணில் கேட்கலாம்.

நம் ஊர்கள் கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களோடு பின்னிக் கிடப்பவை. பாகூர்க்காரருக்குக் கடலூரே அருகில். இத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை எம்மாநிலத்தில் இருப்பினும் அட்டை செல்லும். ஆனால் தமிழ்நாட்டு உறவினர் வைத்திருக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு, நம் அட்டை வேறு. ஒன்றை மற்றொன்றென எண்ணி ஏமாற வேண்டா. போகுமுன், அம்மருத்துவமனை திட்டத்தில் உள்ளதா, அந்நோய்க்கு உள்ளதா என்று கேட்டறிதல் நலம்.

சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் இளைஞர் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கப்படுமாயின், உங்களைச் சார்ந்து வாழும் பெற்றோர்க்கும் அதில் மருத்துவ உரிமை உண்டு. அவர்தம் பெயரைச் சேர்த்தீர்களா? மற்றொன்று: ஆண்டுக்கு 20 ரூபாய் வங்கியில் பிடித்தம் செய்யும் பிரதமர் சுரக்ஷா காப்பீட்டை மருத்துவக் காப்பீடு எனப் பலர் கருதுகின்றனர். அது விபத்தால் இறப்போ ஊனமோ நேர்ந்தால் மட்டும் பணம் தருவது. காய்ச்சலுக்கும் கண்புரைக்கும் தாராது. அதுவும் 70 வயதோடு முடிவது.

இவ்வளவுக்குப் பின்னரே, விலை கொடுத்து வாங்கும் காப்பீடு. 60-க்கும் 70-க்கும் இடைப்பட்டவராய், எந்தத் திட்டத்திலும் அடங்காதவர்க்கு இது தேவைப்படலாம். காலமும் சற்று இளகியிருக்கிறது. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கிடையாதென்ற நிலை 2024 ஏப்ரலில் நீங்கியது. 2025 ஜனவரியில், 60 நிறைந்தோரின் பிரிமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதாயின், ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 விழுக்காடு வரியும் நீக்கப்பட்டது.

எனினும் மலிவென்று வாங்கிவிடக் கூடாது. நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

முதலாவது: காத்திருப்புக் காலம் எவ்வளவு? முன்பே உள்ள நோய்க்கு 3 ஆண்டுகள் வரை பணம் தர மறுக்கலாம். 68 வயதில் எடுத்து 71 வரை காத்திருப்பதில் என்ன பயன் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது: நம் பங்கு எவ்வளவு? 20 விழுக்காடு நம் பங்கென்று விதி இருப்பின், ஒரு லட்ச ரூபாய்க் கணக்கில் 20,000 ரூபாய் நாம் கட்ட வேண்டும்.

மூன்றாவது: அறை வாடகைக்கு வரம்பு உண்டா? நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வரம்புடையவர் 6,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் மட்டுமன்றி, மருத்துவர் கட்டணம் முதலியவற்றிலும் பாதியை வெட்ட இடமுண்டு.

நான்காவது: டாப்-அப் பாலிசியா, சூப்பர் டாப்-அப் பாலிசியா? இவை குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவை மட்டும் ஏற்பவை. ஆதலின் பிரிமியம் குறைவு. எல்லைத் தொகை 5 லட்சம் எனக் கொள்வோம். ஓராண்டில் ஒரு முறை 4 லட்சமும், மறுமுறை 3 லட்சமும் செலவாயின. டாப்-அப் ஒவ்வொரு முறையையும் தனித்தனியே பார்க்கும். எதுவும் 5 லட்சத்தைத் தாண்டாமையால் ஒன்றும் தாராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 7 லட்சமெனக் கொண்டு 2 லட்சம் தரும். பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு. பயனில் 2 லட்சம். அரசுத் திட்டம் ஏற்ற செலவு அவ்வெல்லைத் தொகையில் சேருமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிது உண்மை கூறல். எம் உறவினர் ஒருவர் சர்க்கரை நோயைக் குறிப்பிட்டால் பிரிமியம் ஏறுமென்ற ஏஜெண்டின் பேச்சைக் கேட்டு, அதை மறைத்தார். படிவத்தை நிரப்பியவர் ஏஜெண்டு; படித்துப் பாராமல் கையொப்பமிட்டவர் இவர். இரண்டாம் ஆண்டில் காலில் புண் வந்து மருத்துவமனையில் சேர்ந்தபோது, மறைத்த நோயைக் காட்டிப் பணம் மறுக்கப்பட்டது. பட்டம் பெற்ற நாம் அருகிலிருந்தும் அப்படிவத்தை வாங்கிப் படித்துக் காட்டவில்லை. அக்குறை இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

பாலிசி கைக்கு வந்த பின்னும் படித்துப் பார்த்து, பிடிக்காவிடில் 30 நாட்களுக்குள் திருப்பலாம். நியாயமின்றிப் பணம் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திற்கே எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தக்க விடை வராவிடில், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டுவதில்லை.

இளைஞர்களே! சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள் விடுத்து முடிக்கிறோம். ஞாயிறுதோறும் படிப்பகத்தில் இருவர் அமருங்கள். ஊரிலுள்ள ஒவ்வொரு முதியவர் பெயரையும், ஆதார் வயதையும், அட்டை எடுத்தாரா என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நடக்க இயலாதவர் வீட்டிற்கு நீங்களே செல்லுங்கள். பாலிசி வைத்திருப்பவர்க்கு அதைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். தம் பெயரை எழுதவும் வாய்ப்பின்றி, நம்மைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் அவர்கள். நாம் கற்ற எழுத்து அவர்களுக்குப் பயன்படாவிடில் வேறு யாருக்குப் பயன்படும்?

நாம் கூறிய அந்த மாணவி, ஓராண்டு கழிந்து மீண்டும் பள்ளிக்கு வந்தாள். வந்த கையோடு, தன் தெருவிலுள்ள முதியோர் நால்வர்க்கு அட்டைப் பதிவு செய்து கொடுத்ததாகக் கூறினாள். அவளை விடவும் நமக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டா.