ஒரு டாலர் நன்கொடையும் இரண்டு லிட்டர் இனிப்புப் பானமும்

(பினாங்கில் நீரிழிவு விழிப்புணர்வுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

நான் மருத்துவரும் அல்ல, தாதியும் அல்ல. நோயாளிகளுக்கான குறிப்புகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. அந்த வேலையில் திரும்பத் திரும்ப என்னைத் தடுமாற வைக்கும் சொல் ஒன்று உண்டு: 'இனிப்பு நீர்'. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் நடந்த கதை ஒன்று.

2011இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கேஎஃப்சி உரிமம் பெற்ற கடை ஒன்று 'மெகா ஜக்' என்ற பானத்தை விற்றது. அரை கேலன், அதாவது ஏறக்குறைய 1.9 லிட்டர். விலை 2.99 டாலர். ஒரு ஜக் வாங்கினால் அதில் 1 டாலர், சிறார் நீரிழிவு ஆராய்ச்சிக்காக நிதி திரட்டும் ஜேடிஆர்எஃப் அமைப்புக்குப் போகும். சாதாரண கோலா பானத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 11 கிராம் சீனி இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு ஜக்கில் 200 கிராம்!

உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். அங்கும் சிரித்தார்கள், கண்டித்தார்கள். நோயை விற்று நோய்க்கே நிதியா என்று கேட்டார்கள்.

ஆனால் அந்தச் சிரிப்பிலும் ஒரு பிழை உண்டு. அந்த அமைப்பு கவனிப்பது முதல் வகை நீரிழிவை. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுவதால் வருவது அது. மிட்டாய் தின்றதால் வருவதல்ல, கர்ப்பத்தில் தாய் இனிப்புச் சாப்பிட்டதாலும் வருவதல்ல. நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அதில் பரம்பரை, உடல் எடை, உணவு, நடமாட்டக் குறைவு எல்லாம் சேர்கின்றன. தமிழில் இரண்டையும் நாம் 'இனிப்பு நீர்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். அதனால்தான் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் என்றவுடன், "என்னத்தைக் கொடுத்து வளர்த்தே?" என்று உறவினர்கள் தாயைக் கேட்கிறார்கள். அவர் வெட்கப்பட்டு மறைக்கிறார். மறைத்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் முதல் வகைக்கு இன்சுலின் இல்லாமல் முடியாது.

உங்கள் பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்டால், அடிக்கடி சிறுநீர் கழித்தால், படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தால், சாப்பிட்டும் மெலிந்தால், அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மூச்சில் பழுத்த பழ வாசனை இருந்தால் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு.

சரி, அப்படியென்றால் ஜக்கில் குற்றமில்லையா? உண்டு. அதை வாங்கிக் குடித்தவர்களுக்கு இரண்டாம் வகை வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. நன்கொடை தர நினைப்பவர் அந்த ஒரு டாலரை நேரடியாகவே கொடுத்திருக்கலாம்.

இங்கே நிலைமை என்ன? சுகாதார அமைச்சின் 2023 ஆய்வில், பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு. 2019 ஆய்வில் இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு, மற்ற இனங்களைவிட அதிகம். இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி வந்தது, 2025இல் அது 90 சென் ஆனது. ஆனால் கடையில் டின் பால் ஊற்றி ஆற்றும் தே தாரிக்குக்கு அந்த வரி கிடையாது. அங்கே 'குராங் மானிஸ்' என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடந்து போகிறோம். வழியெல்லாம் பந்தல்கள், கையை நீட்டினால் சிராப். ஒரு குவளையில் மூன்று தேக்கரண்டி சீனி என்று வைத்தாலும், நாலு பந்தலில் பன்னிரண்டு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு நல்லது என்று சொல்வது 25 கிராம், சுமார் ஆறு தேக்கரண்டி. பந்தல் போடுபவர்களைக் குறை சொல்லவில்லை, வெயிலில் வருபவருக்குத் தாகம் தீர்ப்பது பெரிய காரியம். தண்ணீர்ப் பந்தல் என்ற பெயரிலேயே தண்ணீர்தான் இருக்கிறது. மோரும் நம்முடையதுதான்.

ஆனாலும் ஒரு ஜாடி சிராப்பைத் தனியே எடுத்து வையுங்கள். இன்சுலின் போடுபவர், சில வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர் வெகுதூரம் நடந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அவருக்கு அந்த நேரத்தில் சிராப்தான் மருந்து. 15 கிராம் சீனி, மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி கிடைக்கும் அளவுக்குக் கொடுத்து உட்கார வையுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள்.