ஏணிப்படியில் ஏறும் முன்



இன்று நாம் ஏணிப்படியைப் பற்றிப் பேசப் போகிறோம். இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் உங்களில் பலர் துணிக்கடையில், மளிகைக் கடையில், கிடங்கில், உணவு விடுதியில் வேலை செய்கிறீர்கள். ஒரு நாளில் பல தடவை பரணுக்கும் மொட்டை மாடிக்கும் ஏறி இறங்குகிறீர்கள். ஒரு தடவை கால் வழுக்கினால் போதும். பத்து அடி உயரத்திலிருந்து விழுபவர் ஒரு நொடிக்குள் தரையில் மோதுகிறார். அப்போது அவருடைய வேகம் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். கை கால் முறியலாம். உயிரும் போகலாம். அப்புறம் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

கடைகளில் படி ஏன் இவ்வளவு செங்குத்தாக இருக்கிறது? இடம்தான் காரணம். பத்து அடி உயரம் ஏறச் சாதாரண மாடிப்படிக்குத் தரையில் பதினைந்து அடி நீளம் வேண்டும். செங்குத்தான இரும்பு ஏணிப்படிக்கு ஐந்து அடி போதும். மீதி இடத்தில் சரக்கு வைக்கலாம். வாடகை கொடுப்பவருக்கு இது லாபம். அது தவறில்லை. ஆனால் செங்குத்தான படிக்குச் சில பாதுகாப்புகள் கட்டாயம் வேண்டும். அவை என்ன?

முதலாவது, கைப்பிடி. இரண்டு பக்கமும் வேண்டும். கீழிருந்து மேல்வரை அறுபடாமல் வர வேண்டும். மேல் தளத்தைத் தாண்டியும் மூன்று அடி உயரம் நீண்டிருக்க வேண்டும். கடைசிப் படியிலிருந்து தளத்தில் கால் வைக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது. அப்போது பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது, படிகள். எல்லாப் படிகளுக்கும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். நம் கால் முதல் இரண்டு படியிலேயே அளவைப் பழகிக்கொள்கிறது. நடுவில் ஒரு படி மாறினாலும் தடுமாறும். வழவழப்பான தகடு கூடாது. சொரசொரப்பான தகடு வேண்டும். படியின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் பூசினால் மங்கிய வெளிச்சத்திலும் தெரியும். கீழேயும் மேலேயும் விளக்கு சுவிட்சு இருப்பது நல்லது.

மூன்றாவது, மேலே உள்ள திறப்பு. ஏறுபவர் மட்டும் விழுவதில்லை. பரணில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்பவரும் அந்தத் துவாரத்தில் விழுகிறார். அதனால் திறப்பைச் சுற்றி மூன்று பக்கமும் கம்பித் தடுப்பு வேண்டும். நான்காவது பக்கம் ஒரு சிறு கதவு வேண்டும். அது தளத்தின் பக்கம் திறக்க வேண்டும். துவாரத்தின் பக்கம் திறந்தால் சாய்பவரை அது தாங்காது. கையை விட்டதும் தானாக மூடிக்கொள்ளும் கதவே சிறந்தது.

நான்காவது, உறுதி. ஏணிப்படியை மேலும் கீழும் போல்ட்டு போட்டு இறுக்க வேண்டும். மழையில் நனையும் ஏணியில் வெல்டிங் வைத்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் அந்த இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஏணி நன்றாக இருந்தாலும் நாம் ஏறும் முறை சரியாக இருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முகம் படியைப் பார்த்தே இருக்க வேண்டும். மாடிப்படியில் இறங்குவது போல முன்பக்கம் பார்த்து இறங்கினால், குதிகால் மட்டும்தான் படியில் பதியும். உடல் முன்னால் சாயும். இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்கட்டும். தோளில் மூட்டை, கையில் பெட்டி வேண்டாம். கப்பியும் கயிறும் கட்டிச் சரக்கை ஏற்றுங்கள். அப்போது கீழே யாரும் நிற்கக் கூடாது.

“இத்தனை வருஷமா ஏறுறோம், என்ன ஆச்சு?” என்று கேட்பவர்கள் உண்டு. விழாதவரைதான் அந்தப் பேச்சு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 32-ஆம் பிரிவு இதைப் பற்றிக் கூறியது. படிகள் உறுதியாக இருக்க வேண்டும், தேவையான இடத்தில் கைப்பிடி வேண்டும் என்றது. 2020-இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வேலையிடத்தை ஆபத்து இல்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது. ஆபத்து இருப்பதாகக் கருதும் தொழிலாளி அதை முதலாளிக்குத் தெரிவிக்கும் உரிமையும் அதில் உண்டு.

நண்பர்களே, இங்கே வந்து எழுதக் கற்றுக்கொண்டீர்கள். அதை இதற்குப் பயன்படுத்துங்கள். நாளைக்கு உங்கள் கடை ஏணிப்படியைப் பாருங்கள். கைப்பிடி, படி, கதவு, துரு ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறியுங்கள். எது இல்லையோ அதை எழுதி, தேதி போட்டு, நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டு முதலாளியிடம் கொடுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள். கைப்பிடிக் கம்பிக்கு ஆகும் செலவு, ஒரு முறிந்த காலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. இது அவருக்கும் தெரியும்.