எந்தப் பக்கம் மேலே?



சவ்வூடு பரவலை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். பாடத்தின் முடிவில் எதிர் சவ்வூடு பரவலும் வரும். உப்புக் கரைசலின் பக்கம் அதன் சவ்வூடு பரவல் அழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுத்தால், நீர் சவ்வைக் கடந்து வெளியேறும், உப்பு பின்தங்கும். நெம்மேலியில் கடல்நீர் குடிநீராவது இப்படித்தான். இதைச் சாத்தியமாக்கிய சிட்னி லோப் என்பவரைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

1917-இல் அமெரிக்காவில் பிறந்த லோப், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பட்டம் பெற்றார். பல ஆண்டுகள் தொழில்துறையில் பணியாற்றிய பின், நாற்பது வயதையொட்டி மீண்டும் மாணவராகி, லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வில் இறங்கினார். அங்கே அவருடன் இணைந்தவர் இந்தியரான சீனிவாச சௌரிராஜன்.

செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் பலபடிப் படலம் உப்பைத் தடுக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆனால் அதன் வழியே நீர் மிகக் குறைவாகவே வந்தது. இருவரும் படலத்தை வெந்நீரில் சூடாக்கிச் சோதித்தார்கள். ஒரே படலம் ஒருமுறை நன்றாக வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. காரணத்தைத் தேடியபோதுதான் படலத்தின் இரு பக்கங்களும் ஒன்றல்ல என்று தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட பக்கம் உப்பு நீரைப் பார்த்து இருந்தால் மட்டுமே பலன் கிடைத்தது.

அந்தப் புரிதலோடு அவர்கள் தாங்களே படலம் தயாரித்தார்கள். உப்பைத் தடுக்க மேலே மிக மெல்லிய, அடர்ந்த தோல். நீர் எளிதாகப் பாய அதன் கீழே நுண்துளைகள் நிறைந்த அடுக்கு. 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில், இந்தப் படலத்தைக் கொண்டு உவர்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் இஸ்ரேலுக்குச் சென்ற லோப், பென் குரியன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். 2008-இல் மறைந்தார்.

முரண்பட்ட அந்த அளவீட்டை 'பிழை' என்று ஒதுக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்?

எங்கள் பள்ளியில் உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப் செய்தபோது, ஒரு மாணவியின் கிழங்கில் மட்டும் சர்க்கரைக் கரைசலின் மட்டம் உயரவில்லை. பக்கத்துத் தோழியைப் பார்த்து 'உயர்ந்தது' என்று எழுதாமல், "உயரவில்லை டீச்சர்" என்று என்னிடம் வந்தாள். விசாரித்தால், வீட்டில் வெந்துகொண்டிருந்த கிழங்கை எடுத்து வந்திருக்கிறாள். வெந்ததும் செல்சவ்வுகள் சிதைந்துவிடும், பரவலைக் கட்டுப்படுத்தச் சவ்வே இருக்காது. அன்று சவ்வின் வேலையை வகுப்புக்குப் புரியவைத்தது அவளுடைய கிழங்குதான்.

ஆகவே, ஒரு வேண்டுகோள். செய்முறைப் பதிவேட்டில் 'எதிர்பார்த்ததிலிருந்து மாறுபட்டது எது? ஏன்?' என்று இரண்டு வரி எழுத இடம் கொடுப்போம். அந்த வரிகளுக்கும் மதிப்பெண் கொடுப்போம். விடை பொருந்தினால்தான் மதிப்பு என்று பழகிய பிள்ளை, தன் கண்ணால் கண்டதையே நம்பாமல் போய்விடும்.