பிள்ளைக்கு வெயில் கிரீம் வாங்குமுன்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



களையெடுக்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கிட்டுத்தான் போறோம். வரப்பில் உட்கார்ந்த பிள்ளைக்குச் சாயங்காலம் முகமெல்லாம் சிவந்து தடிச்சுப்போகுது. உடனே மருந்துக் கடையில் "ஏதாச்சும் ஒரு கிரீம் குடுங்க"ன்னு கேட்கிறோம். அங்கேதான் ஆபத்து. ஸ்டீராய்டு கிரீமை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கித் தினமும் தடவினால் பிஞ்சுத் தோல் மெலிந்துபோகும்.

வெயிலுக்கு உள்ளது வேறு. 'சன்ஸ்கிரீன்' என்று கேட்கணும். அட்டையில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் போட்டிருக்கணும். கரப்பான் உள்ள பிள்ளைக்கு ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த, வாசனை சேர்க்காததே நல்லது. தடவினால் திருநீறு பூசின மாதிரி வெள்ளையாத் தெரியும். தெரிஞ்சுட்டுப் போகட்டும்! முதலில் முழங்கையின் உள்பக்கம் துளி தடவி ஒருநாள் பார்ப்போம். அரிப்பு இல்லைன்னா முகத்துக்குப் போடலாம். வியர்வையில் கரைஞ்சுடும், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பத் தடவணும்.

விலை கட்டுப்படியாகலையா? முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை மரநிழல். கிரீம் இருந்தாலும் இதுதான் முதல் காவல். ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தைக்குக் கிரீமே வேண்டாம், நிழல்தான். வெயில் படும்போதெல்லாம் தடிப்பு வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிடுவோம்.