முதல் விசையும் முதல் எழுத்தும்



கணிப்பொறி உயிர்பெற்று எழும்போது அதன் விசைப்பலகை எந்த மொழிக்கு ஆயத்தமாக நிற்கிறது என்பது தொழில்நுட்பரின் கவலை என்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். கவிஞர்க்கு அது சிறு செய்தியன்று. நெஞ்சில் எழுந்த தொடரை விரல் தேடும் வேளையில் திரையில் ஆங்கில எழுத்துகள் ஓடுமாயின், அத்தொடர் காத்திருப்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில், தட்டச்சுப் பயிலகங்களில் இளநிலையும் முதுநிலையும் தேறிய விரல்கள் இன்றும் பல உள. அவ்விரல்கள் அறிந்த பலகை, யாழ்ப்பாணத்திற் பிறந்த ஆர். முத்தையா வகுத்த வழியில் வந்தது. அதில் ‘கொ’ எழுதக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டல்கள் வேண்டும். கை எழுதும் முறை அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டின் வழியே தரமாக அமைந்த தமிழ் 99 பலகையோ ஒலிக்கும் முறையைப் பின்பற்றுகிறது. ககரத்தை அடுத்து ஒகரம், அவ்வளவே. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்ற தொல்காப்பிய நெறியை விரலுக்குக் கற்பித்தது போன்றது இது. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி ஆகிய 31 விசைகளிலிருந்தே 216 உயிர்மெய்களும் பிறக்கின்றன. ஆங்கில எழுத்தால் தமிழை அடிக்கும் முறை விரைவில் கைவருவது உண்மைதான். ஆயினும் லகர, ளகர, ழகரங்களை வேற்றெழுத்தின் வழியே நினைக்கும் பழக்கம் கவிஞர்க்கு ஏற்றதன்று.

விண்டோஸ் பொறி, பலகைகளை 1, 2 என எண்ணிட்ட பட்டியலாகத் தன் பதிவேட்டில் வைத்துள்ளது. 1 என்னும் எண்ணில் நிற்பதே பொறி திறந்ததும் கைக்கு வரும். இப்பட்டியல் ஒன்றன்று, இரண்டு என்பதைத்தான் பலர் அறிவதில்லை. கடவுச்சொல் கேட்கும் வாயிற்றிரைக்கு ஒன்று. உள்ளே நுழைந்த பயனருக்கு மற்றொன்று. வாயிலில் தமிழை முதலாக வைத்துவிட்டால், ஆங்கிலக் கடவுச்சொல்லை அடிப்பவர் தமிழெழுத்துகளை அடிப்பார். திரை காட்டுவதோ புள்ளிகளை மட்டுமே. சொல் தவறு என்று பொறி மறுக்கும், காரணம் விளங்காது. ஆதலின் வாயிலில் ஆங்கிலமும் உள்ளே தமிழும் முதலாக நிற்றல் நன்று. பதிவேட்டைத் தொடாமல், அமைப்புகளில் மொழிப்பகுதிக்குள் சென்றே இதைச் செய்யலாம். தட்டச்சுப் பலகைக்குப் பழகியோர் அதனையே முதலில் வைக்கட்டும். ஐம்பது வயதில் விரலை வருத்த வேண்டுவதில்லை.

இன்னுமொரு வேடிக்கை உண்டு. தனி எண்பலகை இல்லாத பழைய மடிக்கணினிகள் பலவற்றில், தொடக்கத்திலேயே நம் லாக் எனும் எண்பூட்டு இயங்கினால், வலக்கைப் பக்கத்துச் சில எழுத்து விசைகள் எண்களாகிவிடும். தமிழ் 99-இல் ப, ம, த ஆகியன 1, 2, 3 ஆகும். ற, ன, ட ஆகியன 4, 5, 6 ஆகும். ரகரம் 0 ஆகும். ‘மரம்’ என்று அடித்தவர் 202 என்னும் எண்ணையும் அருகே திகைத்து நிற்கும் ஒரு புள்ளியையும் காண்பார். மெய்களிற் பெரும்பாலன வலக்கையில் அமைந்த பலகையாதலின் இடர் தமிழுக்கே மிகுதி. பொறி பழுதென்று கடைக்குத் தூக்கிச் செல்லுமுன், அவ்விசையை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். மீண்டும் மீண்டும் நேருமாயின், பொறி எழும்போதே திறக்கும் பயாஸ் அமைப்பில் தொடக்க எண்பூட்டை அணைத்து வைக்கும் வாய்ப்புப் பல பொறிகளில் உண்டு.