வேலிக்குள் நிற்கும் மானை வேட்டையாடலாமா?



மலேசியர்களுக்கு மான் அந்நியமான விலங்கு அல்ல. பேங்க் நெகாராவின் சின்னத்தில் நிற்பது கிஜாங் என்னும் கேளை மான். 2001-ல் வெளியிடப்பட்ட தங்கக் காசுக்கும் 'கிஜாங் எமாஸ்' என்றுதான் பெயர். 1994-ல் சாலைக்கு வந்த சின்னக் காருக்குச் சருகுமானின் பெயரை எடுத்து 'கஞ்சில்' என்று வைத்தார்கள். நம் வீட்டுப் பூசை அறைக்குப் போனால் சிவபெருமானின் கையில் மான் இருக்கிறது. வள்ளி மானின் வயிற்றில் பிறந்தவள் என்று கந்தபுராணம் கேட்டவர்கள் அறிவார்கள்.

இத்தனை நெருக்கமான அந்த விலங்கைப் பற்றித்தான் இன்றைய கேள்வி. ஒருவர் தம்முடைய சொந்த நிலத்தைச் சுற்றி உயரமாக வேலி போடுகிறார். உள்ளே மான்களை விடுகிறார். பிறகு காசு வாங்கிக்கொண்டு, துப்பாக்கியோடு வருகிறவர்களைச் சுட அனுமதிக்கிறார். இது முறையா?

பிரிக்ஃபீல்ட்சில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கும், கிள்ளானில் கடை வைத்திருப்பவருக்கும் இதில் என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது. பார்ப்போம்.

மலாக்காவின் சருகுமான்

மலாக்கா எப்படித் தோன்றியது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டு. பரமேஸ்வரா ஒரு மரத்தடியில் இளைப்பாறினார். அவருடைய வேட்டை நாய் ஒரு சருகுமானைத் துரத்தியது. ஓடிய சருகுமான் சட்டென்று திரும்பி நின்று நாயை உதைத்துத் தள்ளிவிட்டது. 'சருகுமானுக்கே இத்தனை வீரம் தரும் மண் இது' என்று மகிழ்ந்த அரசர் அங்கேயே நகரம் அமைத்தார் என்பது கதை. இன்றும் மலாக்கா மாநிலச் சின்னத்தில் சருகுமான்கள் நிற்கின்றன.

அந்தச் சருகுமானுக்கு ஓட இடம் இருந்தது. திரும்பி நின்று உதைக்கவும் ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பு இருந்ததால்தான் அதன் வீரத்துக்கு மதிப்பு. அதை மெச்சிய அரசருக்கும் மதிப்பு. நாலு பக்கமும் கம்பி வேலி இருந்திருந்தால் வீரமும் இல்லை, கதையும் இல்லை.

நம் சமயம் வேட்டைக்காரனை ஒதுக்கவில்லை. கண்ணப்பர் வேடர், நாயன்மார்களில் ஒருவர். வள்ளியைத் தேடித் தினைப்புனத்துக்கு வந்த முருகன், வேடனாகத்தான் வந்தான். நம் நாட்டுப் பூர்வகுடி மக்கள் வயிற்றுக்காக வேட்டையாடுகிறார்கள். பட்டியலிட்ட சில விலங்குகளைத் தங்கள் உணவுக்காகப் பிடிக்க 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே 'வேட்டை என்றாலே பாவம்' என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பசிக்காக, காட்டில், தன் உழைப்பால் தேடிப் பிடிப்பது வேறு. அடைத்து வைத்ததைக் காசு கொடுத்துச் சுடுவது வேறு.

டெக்சஸ் வேலிக்குள் நம் புள்ளிமான்

இந்த வியாபாரம் பெரிதாக நடக்கும் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம். ஆள் உயரத்தை மிஞ்சிய, மான் தாண்ட முடியாத எட்டடி வேலிகள். உள்ளே அந்நாட்டு மான்கள் மட்டுமல்ல, இந்தியாவின் புள்ளிமானும் இருக்கிறது. 1930-களில் கொண்டுபோய் விடப்பட்ட இனம் இன்று ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. கிருஷ்ணமிருகம் என்று சொல்லப்படும் வெளிமானும் அங்கே உண்டு. கொம்பு பெரிதானால் விலையும் பெரிது. தாய்நாடான இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கும் மானுக்கு, கடல் தாண்டிய மண்ணில் விலைச்சீட்டு.

இதை ஆதரிப்பவர்கள் சொல்வதையும் நியாயமாகக் கேட்க வேண்டும். அவர்கள் மூன்று வாதங்களை வைக்கிறார்கள்.

முதலாவது: 'நிலமும் என்னுடையது, மானும் என்னுடையது. ஆடு வளர்த்து வெட்டுவதைக் கேட்காதவர்கள் இதை ஏன் கேட்கிறீர்கள்?' இது வலுவான கேள்விதான். கறிக்கடைக்குப் போகிறவர் எளிதில் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் ஆடு வெட்டுகிறவர் அதை வீரம் என்று சொல்லிக்கொள்வதில்லை. தலையைச் சுவரில் மாட்டிப் படம் பிடிப்பதும் இல்லை. துடிக்காமல் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதே அந்தத் தொழிலின் ஒழுக்கம். வேலிக்குள் நடக்கும் வேட்டையில் மிருகத்தின் அச்சமும் ஓட்டமும்தான் விற்கப்படும் சரக்கு. குறி தவறி, காயத்தோடு ஓடினாலும் அது வேலியைத் தாண்டிப் போக முடியாது. மான் பண்ணை வைத்து இறைச்சிக்கு விற்பவரையும் இவரையும் ஒரே தட்டில் நிறுத்த முடியாது.

இரண்டாவது: 'காசு வருவதால்தான் காடு பிழைக்கிறது, இல்லாவிட்டால் நிலத்தை வேறு எதற்காவது திருப்பிவிடுவோம்.' இதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வேலி நோயையும் சேர்த்து அடைக்கிறது. மான்களை மெலியவைத்துக் கொல்லும் ஒரு மூளை நோய் முதன்முதலில் கவனிக்கப்பட்டது 1967-ல், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம்தான். 'மேட் கவ்' நோயின் இனத்தைச் சேர்ந்தது அது. மருந்து கிடையாது. கனடாவிலிருந்து விற்கப்பட்ட மான்களோடு அது தென்கொரியா வரைக்கும் போயிற்று. ஒருவருடைய வேலிக்குள் நடப்பது ஒருவருடைய விஷயம் மட்டுமே என்று சொல்ல முடியாது.

மூன்றாவது: 'வேலிதான் அழியவிருந்த இனங்களைக் காப்பாற்றியது.' இந்த வாதத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

சுவர் காத்த இனம்

சீனாவில் மீலு என்றொரு மான் இனம். காட்டில் எப்போதோ அழிந்துபோய், பெய்ஜிங்கில் பேரரசரின் மதில் சூழ்ந்த வேட்டைத் தோட்டத்தில் மட்டும் ஒரு கூட்டம் மிஞ்சியிருந்தது. 1865-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்து அதை உலகத்துக்குச் சொன்னார். ஐரோப்பாவுக்குச் சில மான்கள் போயின. பிறகு 1895-ல் வெள்ளம் வந்து மதில் உடைந்தது. வெளியே வந்த மான்களைப் பசித்த மக்கள் தின்றார்கள். 1900-ஆம் ஆண்டுக் கலவரத்தில் மீதியும் போயிற்று. அப்போது இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பிரபு, ஐரோப்பாவில் சிதறிக் கிடந்தவற்றைத் தம்முடைய தோட்டத்தில் ஒன்றுசேர்த்து வளர்த்தார். இன்று உலகில் உள்ள மீலு மான்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தின் வழிவந்தவை. 1985-ல் அவை பெய்ஜிங்கின் அதே பழைய தோட்டத்துக்கே திரும்பின.

சென்னையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கிண்டியில் தனியார் கையிலிருந்த தோட்டமும் காடும் ஒரு காலத்தில் வேட்டைக் காடு. 1821-ல் அரசு அதை விலைக்கு வாங்கியது. 1978-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. மூன்று சதுர கிலோ மீட்டர்கூட இல்லாத அந்த இடத்தில், பெருநகரின் நடுவே, மான்கள் இன்றும் மேய்கின்றன.

ஆக, வேலி மானைக் காத்தது உண்மை. ஆனால் எப்போது காத்தது? வேலிக்குச் சொந்தக்காரர் தம்மை வேட்டைக்காரராக அல்லாமல் காவலராக நினைத்தபோது. பெட்ஃபோர்டு பிரபு அன்று ஒவ்வொரு மானுக்கும் விலைச்சீட்டு மாட்டியிருந்தால், சீனாவுக்குத் திரும்பிப் போக ஒன்றும் மிஞ்சியிருக்காது. அந்த மூன்றாவது வாதம், சொன்னவர்களுக்கு எதிராகவே திரும்பிவிடுகிறது.

கட்டிப்போட்ட கரடி

வேட்டைக்காரர்களிடமும் இந்த உணர்வு இருந்திருக்கிறது. 1902-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனார். அவருக்கு ஒன்றும் சிக்கவில்லை. உடன் வந்தவர்கள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டி, 'சுடுங்கள்' என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். காயம்பட்டிருந்த அந்தக் கரடி பிறகு வேதனை தீரக் கொல்லப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் பிள்ளைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் 'டெடி பேர்' பொம்மைக்கு அந்தச் சம்பவம்தான் பெயர் கொடுத்தது. ரூஸ்வெல்ட் 1887-ல் தொடங்கிய வேட்டைக்காரர் கழகம், தப்பமுடியாத வேலிக்குள் கொல்லப்பட்ட விலங்குகளைத் தன் சாதனைப் பட்டியலில் ஏற்பதில்லை. 2000-ஆம் ஆண்டு மொன்டானா மாநில மக்கள் வாக்களித்து, பண்ணைகளில் காசுக்குச் சுடுவதையே தடை செய்தார்கள். வேட்டையைப் பரம்பரைப் பழக்கமாகக் கொண்ட மக்கள் அவர்கள்.

வள்ளுவர் கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் துறவறவியலில் வைத்தார். அதனால் அவை இல்லறத்தாருக்கு இல்லை என்று வாதாடுவோர் உண்டு. இருக்கட்டும். நடுவுநிலைமையை அவர் இல்லறவியலில்தானே வைத்தார்? ஒரு பக்கம் துப்பாக்கியும் மறுபக்கம் மூடிய வேலியும் இருக்கும் இடத்தில் நடுவுநிலைமைக்கு ஏது இடம்?

நம் வீட்டு வாசலில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ரூசா எனப்படும் கடமான் 2008 முதல் உலக அளவில் அழியும் ஆபத்தை நோக்கிச் செல்லும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2015 முதல் ஆறு ஆண்டுகளுக்குக் கடமான், கேளை மான் வேட்டை நிறுத்திவைக்கப்பட்டது. கடமான் குறைந்தால் புலி பட்டினி. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று தெரியவந்தது. 2022-ல் திருத்தப்பட்ட சட்டம் கடும் குற்றங்களுக்குப் பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது. நிலத்துக்குப் பட்டா இருப்பதால் அங்கே வந்து மேயும் காட்டு மானுக்கும் பட்டா கிடைத்துவிடாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். காட்டில் கண்ணி வைக்கிறவன் தனக்காக மட்டும் வைப்பதில்லை; நகரத்தில் வாங்க ஆள் இருப்பதால் வைக்கிறான். நண்பர்கள் கூடும் விருந்தில் 'காட்டு மான் கறி, இன்றைக்கு மட்டும்' என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது, உரிமம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பதில் வராவிட்டால் தட்டை நகர்த்தி வைக்கலாம். பண்ணையில் முறையாக வளர்த்த மான் என்றால், சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் மனச்சாட்சிக்கு உரியது. நாளை யாராவது 'வேலிக்குள் மான் வேட்டை, வார இறுதிச் சலுகை' என்று இங்கே விளம்பரம் கொண்டுவந்தால், முதல் நாளே வேண்டாம் என்று சொல்லும் துணிவும் நமக்கு வேண்டும்.

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று நம் பெரியவர்கள் கேட்டு வைத்தார்கள். மானுக்கும் அதே கணக்குதான். வேலி போடும் வரை ஒருவன் வேட்டைக்காரனாக இருக்கலாம். போட்ட அன்றே அவன் காவல்காரன் ஆகிவிடுகிறான். தீனி வைத்த கையைப் பார்த்து அருகில் வரும் மானிடம், அந்தக் கையே துப்பாக்கி தூக்கக் கூடாது.